களமும் கேட்போனும்: நற்செய்தி உவமைகளைத் தியானிக்கும் கத்தோலிக்க முறை குறித்து ஒரு திறனாய்வு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் களமருதூர் என்றோர் ஊர் உண்டு. ஊர்ப்பெயர் ஆய்வோர் அதன் காரணத்தை எவ்வாறு முடிவு செய்யினும், தமிழ்ச் செவிக்கு அப்பெயரில் களமும் மருதமும் சேர்ந்தொலிக்கின்றன. நம் ஆண்டவர் உரைத்த உவமைகளில் பெரும்பகுதி இவ்விரு சொற்களின் எல்லைக்குள் அடங்கிவிடும். விதைப்பவன், களை, கூலியாள், குத்தகைக்காரர், களஞ்சியம், கடன், கணக்கு, அறுவடை ஆகிய யாவும் களத்தையும் வயலையும் சார்ந்தவை. இவற்றை அவ்வட்டார மக்கள் போதகரைக் காட்டிலும் நன்கு அறிவர். ஆயினும் ஞாயிறு தோறும் உவமை வாசிக்கப்பட்டு விளக்கப்படும்போது, அறிந்த பொருளைக் குறித்து அறியாத மொழியில் யாரோ பேசுவதுபோல அவர்கள் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். உவமை கேட்டவனைக் கடவுளண்டை கொண்டு சேர்க்க வேண்டும். நம் அருளுரைகளிலோ அது பெரும்பாலும் ஒரு நீதிமொழியோடு நின்றுவிடுகிறது.

இக்குறையை உணர்ந்த நம் இறையியல் மாணவர் சிலர் கத்தோலிக்க மறையுரை நூல்களையும் தியான நூல்களையும் நாடுகின்றனர். இதனை ஐயத்தோடு நோக்கும் மூத்த போதகர்களும் நம்மிடையே உண்டு. ஆராயாது தள்ளுதலும் ஆராயாது கொள்ளுதலும் திறனாய்வு ஆகா. கத்தோலிக்கர் நற்செய்தி உவமைகளைத் தியானித்துக் கடவுளோடு நெருங்க முயலும் முறை எத்தகையது, அதில் நாம் கற்கத்தக்கது யாது, ஏற்கத்தகாதது யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பழைய பகையும் புதிய பொதுவுடைமையும்

இவ்வட்டாரத்தில் இரு மரபினரும் நெடுங்காலமாக அயலவர்கள். ஒருபுறம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பங்குகள். மறுபுறம் டேனிஷ் மிஷனின் உழைப்பால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டில் வேரூன்றிய ஆற்காடு லுத்தரன் திருச்சபை. இவ்வயலுறவுக்கு முந்தியதொரு பகைமையும் உண்டு. 1680இல் இத்தாலியில் பிறந்து, 1711இல் மதுரை மிஷனுக்கு வந்து, 1747இல் மறைந்த வீரமாமுனிவரின் நினைவு விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் இன்றும் வாழ்கிறது. அங்குள்ள பெரியநாயகி அன்னையின் ஆலயம் அவர் பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைந்தது. யோசேப்பைத் தலைவனாகக் கொண்டு தேம்பாவணியையும், வேதியருக்கு வழிகாட்டும் வேதியர் ஒழுக்கத்தையும் தந்த அதே கைதான், தரங்கம்பாடி லுத்தரன் ஊழியரை மறுத்து வேத விளக்கத்தையும் எழுதியது. சீகன்பால்க்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. அம்மொழிபெயர்ப்பின் நடையை முனிவர் எள்ளினார். நம் முன்னோரும் கத்தோலிக்க வழிபாட்டை அதே கடுமையோடு சாடினர்.

அக்காலப் பூசலின் கீழே ஓர் உண்மையான வேறுபாடு இருந்தது. நம்மவர் நூலைக் கையில் கொடுத்தனர். கத்தோலிக்கர் திருநாளாலும், சிலையாலும், பாட்டாலும், வேதியரின் வாய்மொழியாலும் நற்செய்தியைக் கண்ணிலும் செவியிலும் பதித்தனர். ஆகவே உவமையும் நம்மிடத்தில் வாசிப்புப் பொருளாயிற்று. அவர்களிடத்தில் காட்சிப் பொருளாயிற்று. இவ்வேறுபாட்டின் சுவடு இரு சபைகளின் தியானத்திலும் இன்றளவும் மறையவில்லை.

எனினும் நிலைமை பெரிதும் மாறியுள்ளது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கோட்பாட்டு விளக்கம், விசுவாசிகள் யாவரும் திருமறையை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்றும், அவ்வாசிப்போடு மன்றாட்டும் இணைய வேண்டும் என்றும் வற்புறுத்தியது. 1969இல் வந்த மூவாண்டு வாசகத் திட்டம் முதலாம் ஆண்டில் மத்தேயுவையும், இரண்டாம் ஆண்டில் மாற்குவையும், மூன்றாம் ஆண்டில் லூக்காவையும் வரிசையாகச் சபையின் செவியில் சேர்க்கிறது. 1995இல் திண்டிவனத்திலிருந்து வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் இரு மரபினரும் உழைத்தனர். இனி அவர்களுடைய உவமைத் தியானத்தை அயலான் வீட்டுப் பண்டமாக நாம் கருத இயலாது.

2. மூன்று நீரோட்டங்கள்

கத்தோலிக்க உவமைத் தியானத்தில் மூன்று நீரோட்டங்கள் கலந்துள்ளன. அவற்றைப் பிரித்தறியாமல் ஒரே தீர்ப்பு வழங்குவது முறையன்று.

முதலாவது, சபைத் தந்தையரின் உருவக விளக்கம். நல்ல சமாரியன் உவமைக்கு அகுஸ்தீன் தந்த பொருளை மாணவர் அறிவர். குற்றுயிராய்க் கிடந்தவன் ஆதாம், சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை, சத்திரக்காரன் பவுல் அப்போஸ்தலன். திராட்சத்தோட்டக் கூலியாட்கள் உவமையில் வரும் ஐந்து வேளைகளைப் பெரிய கிரகோரியார் ஆதாம் தொடங்கி உலக முடிவு மட்டுமுள்ள ஐந்து யுகங்களாகப் பகுத்தார். 1888இல் யூலிக்கர் இவ்விளக்க முறையை வன்மையாகத் தாக்கி, ஓர் உவமைக்கு ஒரே கருத்து என நிலைநாட்டினார். 1935இல் டாட், 1947இல் எரேமியாஸ் ஆகியோர் அவ்வழியைத் திருத்தி வளர்த்தனர். நம் இறையியல் கல்லூரிகளில் இன்றும் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் இவர்களுடைய வழியே.

இரண்டாவது, லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சி. 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அந்நூல், தியானிப்பவன் முதலில் நிகழிடத்தை மனத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. பின்பு ஆங்குள்ளோரைக் கண்டு, அவர் பேசுவதைக் கேட்டு, செய்வதை நோக்கி, இறுதியில் நண்பன் நண்பனோடு பேசுவதுபோல ஆண்டவரோடு உரையாட வேண்டும். கத்தோலிக்கர் தியானம் என்னும் சொல்லால் பல நாள் ஒடுங்கியிருந்து செய்யும் இத்தகைய பயிற்சியையும் குறிப்பர். நாம் அச்சொல்லால் குறிப்பது பெரும்பாலும் காலையில் வாசிக்கும் ஒரு பக்கத்தை. சொல் ஒன்று, அதன் பின்னுள்ள உழைப்பு வேறு.

இங்கு ஒன்றைக் குறித்தல் வேண்டும். இஞ்ஞாசியார் கிறிஸ்துவின் வாழ்விலிருந்து தியானத்துக்கென வரிசைப்படுத்திய மறைபொருள்களில் பிறப்பு உண்டு, திருமுழுக்கு உண்டு, மலைப்பொழிவு உண்டு, பாடும் உயிர்ப்பும் உண்டு, உவமைகள் இடம்பெறவில்லை. பயிற்சியின் நடுவே அவர் வைக்கும் மண்ணக அரசனின் அழைப்பும், மூவகை மாந்தரும் அவரே புனைந்த உவமைகள். ஆகவே பிற்காலத்தார் நற்செய்தி உவமைகளுக்கு இம்முறையைப் பொருத்தியபோது, நிகழ்ச்சிக்கென அமைந்த கருவியைக் கதைக்குப் பயன்படுத்தினர். பெத்லகேமின் முன்னணையை மனத்தில் அமைப்பவன் நடந்த ஒன்றின்முன் நிற்கிறான். கெட்டகுமாரன் திரும்பி வந்த வாசலை அமைப்பவனோ, ஆண்டவர் யாரைப் பார்த்து, எந்த முறுமுறுப்புக்கு மறுமொழியாக அக்கதையைச் சொன்னார் என்பதை எளிதில் மறந்துவிடுகிறான். வாசலைக் கண்டவன் பரிசேயரைக் காண்பதில்லை. இம்முறையில் கவனிக்க வேண்டிய முதற்குறை இதுவே.

மூன்றாவது நீரோட்டம் வழிபாடு. கத்தோலிக்கர் உவமையைத் தனியே வாசிப்பதில்லை. ஆண்டின் ஒரு காலத்தில், திருப்பலியின் ஒரு கட்டத்தில் வாசிக்கின்றனர். லூக்கா 15இல் உள்ள தந்தையும் இரு புதல்வரும் பற்றிய உவமை, மூன்றாம் ஆண்டில் தவக்கால நான்காம் ஞாயிறன்று ஒருமுறையும், பொதுக்காலம் 24ஆம் ஞாயிறன்று மறுமுறையும் வருகிறது. தவக்காலத்தில் அது ஒப்புரவுக்கான அழைப்பாக ஒலிக்கிறது. பொதுக்காலத்திலோ காணாமற்போன ஆட்டோடும் காசோடும் சேர்ந்து, தேடுகிற கடவுளின் மகிழ்ச்சியாக ஒலிக்கிறது. சொல் மாறவில்லை, காலம் மாறியதால் கேள்வி மாறிற்று. மேலும், விருந்தைப் பற்றிய உவமை வாசித்த சிறிது நேரத்தில் அவர்கள் பந்திக்குச் செல்கின்றனர். நம்மில் பலர் விருந்தைக் குறித்து நாற்பது நிமிடம் பேசிவிட்டு, பந்தியின்றி ஆசீர்வாதம் கூறி அனுப்புகிறோம்.

3. உள்ளுறை என்னும் தமிழ்ப் பார்வை

உருவக விளக்கமும் ஒற்றைக் கருத்து விளக்கமும் ஒன்றையொன்று பகைப்பினும், இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம் உண்டு. உவமையின் பொருள் கதைக்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது. விளக்குவோன் அதனை எடுத்துத் தந்துவிட்டால் கதையின் வேலை முடிந்தது என்பதே அது. தமிழ் இலக்கண மரபு இதனினும் நுட்பமான ஓர் இடத்தைக் காட்டுகிறது.

தொல்காப்பியர் வெளிப்படையான உவமத்தோடு உள்ளுறை உவமத்தையும் கூறுகிறார். உள்ளுறையில் உவமிக்கப்படும் பொருள் சொல்லப்படுவதில்லை. நிலத்தின் கருப்பொருள்களாகிய விலங்கும் பறவையும் மரமும் தொழிலும் மட்டுமே சொல்லப்படும். கருதிய பொருளைக் கேட்போன் தானே உய்த்துணர வேண்டும். மருதப் பாடலில் பொய்கையைக் கலக்கித் தாமரையை மேயும் எருமையைத் தோழி பாடுவாள். தலைவனின் ஒழுக்கத்தைக் குறித்து ஒரு சொல்லும் சொல்லமாட்டாள். தலைவன் மட்டும் தலைகுனிவான். மற்றொரு விதியும் இங்குக் கருதத்தக்கது. உள்ளுறைக்கு நிலைக்களமாகும் கருப்பொருள்களிலிருந்து தெய்வத்தைத் தொல்காப்பியர் நீக்கிவிடுகிறார்.

ஆண்டவரின் உவமைகளைப் பெரும்பாலும் இவ்விலக்கணத்தோடு ஒப்பிட்டுக் காணலாம். விதைப்பவன் கதையில் கடவுள் என்னும் சொல் இல்லை. பன்னிரு வேளாண் கதைகளைக் கேட்டாலும் விதையும் மண்ணும் கூலியுமே காதில் விழும். தெய்வத்தின் பெயர் நீங்கிய அவ்வெளியில் கேட்போன் தன்னையும் தன் கடவுளையும் தானே கண்டடைய வேண்டும். நாத்தான் தாவீதிடம் ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டியைக் குறித்துப் பேசினான்; தாவீது தன் வாயாலேயே தனக்குத் தீர்ப்பு வழங்கினான். நாத்தான் முதலிலேயே பொருளைச் சொல்லியிருப்பின், அரசன் சினந்திருப்பான், மனந்திரும்பியிருக்கமாட்டான்.

இவ்விடத்தில் இஞ்ஞாசியார் முறையின் உண்மையான பயன் விளங்குகிறது. அம்முறை கேட்போனுக்குக் காலம் தருகிறது. அவன் அமைதியில் இருந்து, கதையில் தனக்குரிய இடத்தைத் தானே கண்டு, இறுதியில் ஆண்டவரோடு பேசுகிறான். உள்ளுறையை நிறைவு செய்யும் பொறுப்பு அவனிடமே விடப்படுகிறது. நம் அருளுரையிலோ கேட்போனின் பங்கையும் போதகரே செய்துவிடுகிறார். ஆனால், காட்சியை அழகுபடுத்துவதிலேயே கற்பனை இளைப்பாறிவிடுமாயின் அப்பயன் கெடும். பொய்கையையும் எருமையையும் வியந்துகொண்டே வீடு திரும்பும் தலைவன் உள்ளுறையைக் கேட்டவன் அல்லன்.

4. மூன்று திருத்தந்தையரின் எழுத்தில்

இம்முறை முதிர்ந்த எழுத்தில் எவ்வாறு செயற்படுகிறது என்பதைக் காண, அண்மைக்காலத் திருத்தந்தையர் மூவரின் நூல்களை எடுத்துக்கொள்வோம்.

இரண்டாம் ஜான் பால் 1980 நவம்பர் 30இல் வெளியிட்ட இறை இரக்கம் பற்றிய சுற்றுமடல், கெட்டகுமாரன் உவமையை விரிவாக ஆராய்கிறது. இளையவன் இழந்தது சொத்து மட்டுமன்று, மகனுக்குரிய மாண்பு என்பதே அவர் கருத்தின் மையம். தந்தை தன் தந்தைமைக்கு உண்மையாயிருக்கிறார். ஆகவே அவர் இரக்கம் பெறுபவனைச் சிறுமைப்படுத்துவதில்லை. இது நூலறிவால் மட்டும் விளைந்த கருத்தன்று. மகன் வழியில் உருப்போட்டு வந்த வாக்கியத்தில், தன்னைக் கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளுமாறு கேட்கும் பகுதி, தந்தையின் அணைப்புக்குப் பின் அவன் வாயிலிருந்து வருவதில்லை. அருகே ஓடி வந்த தந்தை, மகன் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் பேச்சை முடிக்கவும் இடங்கொடுக்கவில்லை. பிச்சை இடுவதையே இரக்கமென எண்ணிப் பழகிய நமக்கு இது தேவையான திருத்தம். ஆயினும் அம்மடலில் மூத்த மகன் ஏறத்தாழ நிழலாகவே நின்றுவிடுகிறான். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1984 டிசம்பரில் ஒப்புரவு குறித்து எழுதியபோதுதான், வீட்டிலேயே தங்கிய அவனை அவர் தனியே எடுத்துப் பேசுகிறார். ஓர் உவமை ஒரு முறையில் தீர்ந்துவிடாது என்பதற்கு அவர் எழுத்தே சான்று. கெட்டகுமாரன் என்று நாம் இட்ட பெயரும் இங்கு ஆய்வுக்குரியது. இருவர் கெட்டிருக்க, ஒருவனுக்கே அப்பெயரைச் சூட்டிவிட்டோம்.

பதினாறாம் பெனடிக்ட் 2007இல் வெளியிட்ட நாசரேத்து இயேசு பற்றிய நூலில் உவமைகளுக்கென ஓர் இயல் உண்டு. யூலிக்கர், டாட், எரேமியாஸ் ஆகியோரை மதித்து ஆராய்ந்தபின், நல்ல சமாரியன் உவமைக்கு அவர் தந்தையரின் விளக்கத்தையே மீண்டும் நாடுகிறார். வழியோரம் கிடப்பது மனுக்குலம். கிறிஸ்துவே நமக்கு அடுத்தவராக வந்தவர். நாம் முதலில் அன்புகூரப்பட்டவர்களாக இருந்தாலன்றி, அன்புகூர வல்லவர்களாக மாட்டோம். கொள்ளையிடப்பட்ட ஆப்பிரிக்க மக்களையும் போதைப்பொருளுக்கு இரையானோரையும் அவர் அதே பக்கங்களில் நினைவுகூர்கிறார் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. நம்மவருள் சிலர் இவ்விளக்கத்தைக் கண்டதும் உருவகம் என ஒதுக்குவர். கால்வின் அதனை ஒதுக்கியது மெய்யே. ஆயின் லுத்தர் தம் அருளுரைகளில் சமாரியனைக் கிறிஸ்துவாகவே விளக்கினார். கிருபை முன், கிரியை பின் என்னும் நம் உபதேசத்தின் ஒழுங்கைத்தான் பெனடிக்ட் இவ்வுவமையில் காண்கிறார். சத்திரம் திருச்சபையே என்று முடிவு கட்டுமிடத்தில் மட்டும் நாம் நின்று கேட்க வேண்டும். ஆண்டவர் சத்திரத்தைக் குறித்து நம்மைக் கேட்கவில்லை. இரக்கம் செய்தவனைக் குறித்தே கேட்டார். சபை தன்னைச் சத்திரமாக எண்ணித் திருப்தியடையும்போது, ஆசாரியனும் லேவியனும் சபையின் மக்களே என்பது மறைந்துபோகும்.

பிரான்சிஸ் 2020 அக்டோபர் 3இல் வெளியிட்ட உடன்பிறந்தோர் நாம் எனும் பொருள்கொண்ட மடலின் இரண்டாம் அதிகாரம் முழுவதும் இவ்வுவமையே. அவர் உருவகத்தை நாடாமல், கள்வர், கடந்து சென்றோர், காயம்பட்டவன், சமாரியன் என மாந்தரை ஒவ்வொருவராக நிறுத்தி, நீ இவர்களுள் யாரை ஒத்திருக்கிறாய் என வினவுகிறார். கடந்து சென்றோர் சமயப் பணியாளர் என்பதை அழுத்திக் கூறுகிறார். கண்டும் காணாமற் செல்வோர் கள்வருக்கு மறைமுகத் துணையாகின்றனர் என்பது அவர் கருத்துகளுள் கூரியது. இஞ்ஞாசியாரின் சபையில் வளர்ந்தவர் என்பது இம்முறையில் நன்கு புலனாகிறது. எனினும் நம்முள் நால்வரும் இருக்கின்றனர் என அவர் பொதுமைப்படுத்துமிடத்தில் ஓர் இடர் உண்டு. எல்லாரும் ஓரளவு கள்வர், எல்லாரும் ஓரளவு காயம்பட்டோர் என்றால், உண்மையாகவே காயம்பட்டவன் கூட்டத்தில் மறைந்துவிடுவான்.

இவ்விடர் வெறும் ஏட்டு இடரன்று. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவருள் பலர் அன்றாடக் கூலிகள். ஓராண்டு கழித்து, 2025 ஜூலை 13இல், பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு வந்தது. உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆலயங்களில், கள்ளக்குறிச்சி வட்டாரத்திலும், அன்றைய நற்செய்தி நல்ல சமாரியன் உவமை. வாசகத் திட்டம் இவ்வாறு தானாகவே ஓர் ஊரின் காயத்தையும் ஓர் உவமையையும் எதிரெதிரே நிறுத்திவிடுகிறது. போதகரின் விருப்பத்துக்கு அதில் இடமில்லை. அந்நாளில் அவ்வட்டாரத்தில் இவ்வுவமையைத் தியானிக்கும் ஒருவன், நான் காயம்பட்ட ஆன்மா என்று தொடங்குவானாயின், தெருவில் கிடந்தவனைத் தாண்டித் தன்னிடமே செல்கிறான். குடித்தவன் தன் குற்றத்தால் செத்தான் என்று சொல்வானாயின், எதிர்ப்பக்கமாய் விலகிப் போகிறான். பழைய மொழிபெயர்ப்பு பிறன் என்று சொன்ன இடத்தில் பொது மொழிபெயர்ப்பு அடுத்திருப்பவர் என்கிறது. இரு சொற்களும் தேவை. பிறன் என நாம் கருதியவன் அடுத்தவனாகும் வழிப்பயணமே அவ்வுவமை. அவ்வழியில் கடவுளை நெருங்குதல் வேறு, காயம்பட்டவனை நெருங்குதல் வேறு அல்ல.

5. கூலிக்கு நின்றவர்கள்

கத்தோலிக்க முறையையும் நம் முறையையும் ஒருங்கே சோதிக்கத்தக்க உவமை மத்தேயு 20இல் உள்ள திராட்சத்தோட்டக் கூலியாட்களின் கதை.

கத்தோலிக்கத் தியானம் இதனை ஆன்மாவின் கதையாக்கிற்று. வேளைகள் யுகங்களாயின, அல்லது வாழ்வின் பருவங்களாயின. கூலி நித்திய ஜீவனாயிற்று. பதினோராம் மணியில் அழைக்கப்பட்டவன் நானே என மனமுருகுவோர் பலர். அவ்வுருக்கம் பொய்யன்று. நாமோ இதனை உபதேசத்தின் கதையாக்கினோம். கிரியையால் அன்று, கிருபையால் என்பதற்கு இது சான்றாயிற்று. அவ்வுபதேசமும் பொய்யன்று. ஆயினும் இரு சபைகளிலும் ஒருவன் காணாமற் போனான். பொழுது சாயும் வரை சந்தைவெளியில் நின்று, தன்னை ஒருவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்று சொன்ன அந்தக் கூலியாள் யார் கண்ணிலும் படவில்லை.

கல்வராயன் மலையில் அவன் காணாமற் போகமாட்டான். 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னும், 1976 மட்டும் அம்மலையூர்கள் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தன. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் அதே 1976இல்தான் நிறைவேறிற்று. கூலியின்றி உழைத்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று வேலை தேடி மலையிறங்கி வெளியூர்களுக்குச் செல்கின்றனர். அவர்களிடம் இவ்வுவமையை வாசித்து, தோட்டத்துக்காரனே கடவுள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும் போதகர், தாம் என்ன சொன்னார் என்பதை அறியார். கடவுளுக்கு ஜாகீர்தாரின் முகத்தை அவர் வரைந்துவிட்டார். இவ்விடரை உணர்ந்த ஹெர்ட்சாக் என்னும் அறிஞர், 1994இல் எழுதிய நூலில், தோட்டத்துக்காரன் கடவுளே அல்லன், சுரண்டுவோனே என விளக்கினார். அவ்விளக்கம் கூலியாளை மீட்கிறது, நற்செய்தியையோ இழக்கிறது.

கதையையே கூர்ந்து நோக்கினால் வேறொரு வழி தென்படும். இத்தோட்டத்துக்காரனிடம் ஒரு காரியக்காரன் இருக்கிறான். மாலையில் கூலி கொடுப்பவன் அவனே. அவ்வாறிருந்தும் விடியற்காலை தொடங்கி ஐந்து முறை சந்தைவெளிக்குத் தானே நடந்து செல்பவன் உடைமையாளன். எந்த நிலக்கிழாரும் செய்யாத செயல் இது. ஆளை அனுப்பி வேலையாள் பிடிப்பதே களத்தின் வழக்கம். இவ்வழக்கத்துக்கு மாறான நடையில்தான் உவமை உடைந்து, உள்ளுறை வெளிப்படுகிறது. களத்தை அறிந்த செவிக்கே அம்மாறுபாடு கேட்கும். மலையில் உழைத்துக் கூலி பெறாதவன் அதனை முதலில் கேட்பான். நூலில் மட்டும் படித்தவன் கடைசியில் கேட்பான். முந்தினோர் பிந்தினோராவர் என்பதை உவமையைக் கேட்கும் முறையிலேயே இங்கு காண்கிறோம்.

கடவுளோடு நெருங்குதல் என்னும் தொடரின் திசையும் இங்கு மாறுகிறது. கத்தோலிக்கத் தியானம் பொதுவாக நாம் படிப்படியாய் அவரை நெருங்கும் வழியைப் பேசுகிறது. அதற்கு ஒழுக்கமும் பொறுமையும் வேண்டும். அவற்றை நாம் இகழலாகாது. ஆயின் உவமைகளோ பெரும்பாலும் அவர் நம்மை நெருங்கும் வழியைப் பேசுகின்றன. தந்தை ஓடுகிறார்; மேய்ப்பன் தேடுகிறான்; உடைமையாளன் சந்தைவெளிக்கு வருகிறான்; சமாரியன் கிட்ட வருகிறான். தியானம் இவ்வருகையைக் கண்டுகொள்ளுமிடத்தில் நிற்பதாயின் நலம். தியானத்தின் உழைப்பே ஒரு கூலியாகி, முதல்மணி வேலையாளின் முறுமுறுப்பை நம்முள் வளர்க்குமாயின், அதே உவமை நம்மைக் கடிந்துகொள்ளும். இவ்வெச்சரிப்பு கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதன்று. நெடுநாள் ஊழியம் செய்த நமக்கும் உரியது.

6. கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும்

இவ்வாய்விலிருந்து சில முடிவுகள் பிறக்கின்றன.

அமைதியை நாம் கற்க வேண்டும். உவமையை வாசித்தவுடன் விளக்கத் தொடங்காமல், சிறிது நேரம் மௌனத்தில் விட்டு, மீண்டும் ஒருமுறை வாசிப்பது எந்த உபதேசத்துக்கும் முரணன்று. இறுதியில் உரையாடலாய் எழும் மன்றாட்டையும் நாம் கற்க வேண்டும்; நம் அருளுரைகள் ஆண்டவரைப் பற்றிப் பேசி முடிகின்றன, ஆண்டவரோடு பேசி முடிவது அரிது. வாசகத் திட்டத்தின் கட்டுப்பாட்டையும் மதிக்க வேண்டும். விருப்பமான உவமைகளையே திரும்பத் திரும்பப் பேசும் போதகருக்கு அநீதியான உக்கிராணக்காரனும் கனிகொடாத அத்திமரமும் ஒருநாளும் வருவதில்லை. 1992இல் அமைந்த திருத்திய பொது வாசகத் திட்டம் கத்தோலிக்கத் திட்டத்தை அடியொற்றியதே என்பதால், இதில் நாம் ஏற்கெனவே கடன்பட்டவர்கள்.

தள்ளத்தக்கவையும் உண்டு. உவமையின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு மறைபொருளைப் பொருத்தி முடித்து, கேட்போனுக்கு ஒன்றும் மீதி வைக்காத விளக்கம் ஆகாது. திருச்சபையைக் கதையின் நற்பாத்திரத்தில் மட்டும் அமர்த்தும் விளக்கமும் ஆகாது. தியானத்தைத் தனி ஆன்மாவின் இன்பமாக்கி, கூலிக்கு நின்றவனையும் வழியில் கிடந்தவனையும் மறக்கச் செய்யும் எந்த முறையும், அது எச்சபையினின்று வரினும், ஆகாது.

மாணவர்க்கு ஒரு செயல்முறையைச் சொல்லி முடிக்கலாம். அடுத்த உவமை அருளுரைக்கு ஆயத்தமாகும்போது, விளக்கவுரைகளைத் திறக்குமுன், களத்தில் வேலை செய்யும் சபையார் இருவரிடம் அக்கதையைச் சொல்லி, இதில் வழக்கத்துக்கு மாறாக இருப்பது எது என்று கேளுங்கள். மரவள்ளி பிடுங்கியவரும் கரும்பு வெட்டியவரும் நாற்று நட்டவரும் சொல்லும் மறுமொழி எரேமியாஸின் நூலிலும் கிடைக்காததாக இருக்கலாம். பின்பு அம்மறுமொழியோடு ஆண்டவர்முன் அமைதியாய் அமர்ந்திருங்கள். அதன்பின் பிரசங்க பீடம் ஏறுங்கள்.

வீரமாமுனிவருக்கும் தரங்கம்பாடியாருக்கும் இடையே நூல் பெரிதா, காட்சி பெரிதா என நடந்த வழக்கு இன்னும் முற்றத் தீரவில்லை. ஆயினும் நூலைக் கையில் ஏந்திக் காட்சியை மனத்தில் நிறுத்திக் களத்தில் நிற்பவனோடு சேர்ந்து கேட்கும் சபை, அவ்வழக்கின் இரு தரப்பாரும் நாடிய ஆண்டவரின் குரலைக் கேட்கும். கேட்கச் செவியுள்ளவனுக்கு என அவர் விட்ட இடத்தை நாம் நம் சொற்களால் நிரப்பிவிடாதிருப்போமாக.